கதை எழுதுதலும் நூல் வெளியிடுதலும்: மட்டக்களப்பு, அம்பாறை எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுகதையோ நாவலோ எழுதத் தொடங்கியிருப்பவர்களும், எழுதி முடித்த கையெழுத்துப்படியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எழுதும் கலை பற்றியவை முதலிலும், அச்சு, விற்பனை, உரிமை பற்றியவை பின்னரும் வருகின்றன. இரண்டையும் வேறு வேறாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பகுதியில் வெளியாகும் கதைநூலின் பெரும்பாலான பிரதிகளை எழுத்தாளரை அறிந்தவர்களே வாங்குகிறார்கள். அவரை அறியாத ஒருவர் அதே நூலைக் கையிலெடுத்தால் இறுதிவரை வாசிப்பாரா என்பதே எழுதும்போதும் விற்கும்போதும் கேட்க வேண்டியது. பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

கதை எழுதுவதைக் கற்றுக்கொள்ள முடியுமா? அதற்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்திருக்க வேண்டுமா?

கற்றுக்கொள்ள முடியும், பட்டம் கட்டாயமில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தமிழைக் கற்பிக்கின்றன. இலக்கிய வரலாறு, இலக்கணம், திறனாய்வு ஆகியவை அங்கே முறையாகக் கிடைக்கும், அவை எழுதுபவருக்கு நிச்சயமாகப் பயன்படும். எனினும் ஒரு காட்சியை எங்கே தொடங்குவது, எந்த வாக்கியத்தோடு வெட்டுவது என்பவற்றை எழுதி எழுதியும் பிறர் எழுதியதைக் கூர்ந்து பார்த்துமே பழக வேண்டியிருக்கிறது.

நான் பரிந்துரைக்கும் பயிற்சி பழையது. உங்களுக்குப் பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து முழுவதையும் கையால் பிரதி செய்யுங்கள். வாசிக்கும்போது கண் தாவிவிடும் இடங்களில் கை தாவாது. பிரதி செய்து முடித்த பின், காலம் மாறும் இடங்களுக்கு ஒரு நிறத்திலும், கதைசொல்லி தன் கருத்தைச் சொல்லும் இடங்களுக்கு வேறு நிறத்திலும் கோடிடுங்கள். நல்ல கதையொன்றில் இரண்டாவது நிறம் மிகக் குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். பிறகு உங்கள் கதைக்கும் அதே கோடுகளை இட்டுப் பாருங்கள்.

வாசிப்பதற்கு நூல் கிடைப்பதில்லை என்ற முறைப்பாட்டை இப்போது ஏற்றுக்கொள்வது கடினம். பொது நூலகங்களில் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிழக்கின் பழைய சிறுகதைகளை அங்கே தேடி வாசித்த பின்னரே நீங்கள் எழுதப்போவது புதியதா என்று சொல்ல முடியும்.

முதலில் சிறுகதையா, நாவலா?

சிறுகதை. ஒரு சிறுகதை சரிவராவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எழுதலாம்; மூன்று ஆண்டு உழைத்த நாவலைத் தூக்கி எறிய எவருக்கும் மனம் வருவதில்லை, அச்சிட்டுவிடுகிறார்கள்.

போர், சூறாவளி, சுனாமி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்களே, நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நிகழ்ச்சி எழுதப்பட்டிருக்கலாம், அதற்குள் அகப்பட்ட மனிதரின் தீர்மானங்கள் எழுதப்படாமல் ஏராளமாகக் கிடக்கின்றன. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் காற்றின் வேகத்தையும் சரிந்த தென்னைகளையும் வருணிப்பதிலேயே பாதிப் பக்கங்களைச் செலவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 பற்றிய கதைகளிலும் அலையே கதாநாயகன். அலையின் உயரத்தை வாசகர் ஏற்கெனவே அறிவார். உங்களிடமிருந்து அவருக்குத் தேவைப்படுவது, அந்த நாளில் ஒருவர் எதைத் தேர்ந்தார், அந்தத் தேர்வு அவரைப் பின்னர் என்ன செய்தது என்பதே.

உதாரணம் ஒன்று. நம் பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். மகள் திருமணமானதும் பெற்றோர் அந்த வீட்டை விட்டு, அதே வளவிலோ அருகிலோ மற்றொரு வீட்டுக்குப் போய் அடுத்த மகளுக்காகச் சேர்க்கத் தொடங்குவார்கள். சுனாமிக்குப் பின் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்ற பெயரில் பல இடங்களில் உறுதி கணவனின் பெயருக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகத் தாய் வழியில் வந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பியதால் கை மாறுகிறது. அந்தப் படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தர், கையொப்பமிட்ட கணவன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, இன்னும் திருமணமாகாத அவளுடைய தங்கை என்று ஒரே மேசையைச் சுற்றி நான்கு கதைகள் நிற்கின்றன. அவற்றுள் எதிலும் அலை வரவேண்டிய தேவையில்லை.

போரைப் பற்றிய கதைகளுக்கும் இது பொருந்தும். இழப்பின் அளவைச் சொல்வது வரலாற்றாசிரியரின் வேலை. அதை அவர் நம்மைவிட நன்றாகவே செய்வார்.

மட்டக்களப்புப் பேச்சுவழக்கில் எழுதினால் மற்ற ஊர்க்காரருக்கு விளங்குமா?

விளங்கும், அளவோடு எழுதினால். கதைசொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் அமைவது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட முறை. தொடக்க எழுத்தாளர் அதை மீற வேண்டிய அவசியம் இல்லை. முழுக் கதையையும் பேச்சுவழக்கிலேயே சொல்லுவதென்றால், கதைசொல்லி யார், அவர் யாரிடம் சொல்கிறார் என்பது முதற்பக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சொற்களைப் பேச்சுவழக்குக்கு மாற்றிவிட்டால் உரையாடல் உயிர்பெற்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே அறிந்த செய்தியை வாசகருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால், எந்த வழக்கில் எழுதினாலும் அது மேடைப் பேச்சாகவே இருக்கும். தாய் மகளிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “உனக்குச் சீதனமாத் தந்த இந்த வீட்ட உன்ட புருஷன் விக்கப் பாக்கிறான் புள்ள, எனக்குச் சரியான கவலையா இருக்கு.” வழக்கு சரிதான், ஆனால் வீட்டைத் தந்தவரும் பெற்றவரும் இதை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள மாட்டார்கள். அதையே பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

“மருமகன் இண்டைக்கும் வளவ அளந்தவரா புள்ள?”

“ஓம்மா.”

“ஆரோட?”

“ரெண்டு பேர் வந்தவங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவங்க.”

“நீயா ஊத்திக் குடுத்த?”

விற்பனை என்ற சொல் எங்கும் வரவில்லை. கவலை என்ற சொல்லும் வரவில்லை. கடைசிக் கேள்வியில் தாயின் கோபம் மகள்மீது திரும்புவதை வாசகர் தாமாகவே கண்டுகொள்வார்.

முறைச்சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். உம்மா, வாப்பா, ராத்தா (அக்கா), காக்கா (அண்ணன்) என்பவை காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பமொன்றின் பேச்சில் இயல்பாக வரும். அயலூர்த் தமிழ்க் குடும்பத்தில் வராது. தாம் பிறந்து வளராத சமூகத்தின் உரையாடலை எழுதுபவர், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அப்பகுதியை வாசிக்கக் கொடுக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊர்ச் சொற்களுக்குப் பின்னிணைப்பாக அகராதி போடுவதையும் நான் விரும்புவதில்லை. வட்டை, வாடி, போடியார் போன்ற சொற்கள் இடத்தோடு சேர்ந்து வந்தால் யாழ்ப்பாணத்து வாசகருக்கும் தஞ்சாவூர் வாசகருக்கும் மூன்றாவது முறை வரும்போது பொருள் தெரிந்துவிடும்.

கதையை ‘நான்’ என்று சொல்வதா, ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்வதா?

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், யாருடைய கண்ணால் பார்க்கிறோமோ அவருக்குத் தெரியாததை எழுதக்கூடாது என்ற கட்டுப்பாட்டை முதற் சில கதைகளிலாவது கடைப்பிடியுங்கள். கல்லடிப் பாலத்தின் கீழே தோணியில் நின்று வலை வீசும் ஒருவரின் பார்வையில் கதை நகர்கிறதென்றால், பாலத்தின் மேல் நிற்கும் பெண் கணவனை வெறுக்கிறாள் என்று அவரால் அறிய முடியாது. கைப்பிடியைப் பற்றியிருக்கும் ஒரு கையும், அதிலுள்ள வளையல்களும், நெடுநேரமாக அவள் அசையாமல் நிற்பதும் அவருக்குத் தெரியலாம். மேலே சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வந்து நின்ற ஓசை கேட்கலாம். வெறுப்பைச் சொல்லாமல் அந்தக் கையை மட்டும் எழுதும்போது எழுத்தாளருக்கு வேலை கூடுகிறது, கதையும் வலுப்பெறுகிறது.

ஒரே சிறுகதையில் மூன்று நான்கு பேரின் மனத்துக்குள் புகுந்து வெளிவருவது கைதேர்ந்தவர்களுக்கே கூடிவரும்.

எழுதி முடித்த கதையை எப்படித் திருத்துவது?

இந்தப் பகுதியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நம்மிடையே மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். தமிழ்நாட்டின் சில பதிப்பகங்களில் நூலைச் செம்மையாக்குபவர் ஒருவர் இருக்கிறார். இங்கே பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர் என்பதால், கையெழுத்துப்படிக்கும் அச்சகத்துக்கும் இடையில் எவரும் இல்லை. அணிந்துரை எழுதுபவர் கையெழுத்துப்படியை வாசிப்பாரே என்று சிலர் சொல்வார்கள். அவர் வாழ்த்துவதற்காக அழைக்கப்பட்டவர். நான்காவது கதையை எடுத்துவிடுங்கள் என்று அவரால் சொல்ல முடியாது.

எழுதியதைச் சில வாரங்கள் மூடிவையுங்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் எது, நாக்கு தடுக்கும் சொல் எது என்பது அப்போது தெரியும். அடுத்து, முதற் பந்தியை நீக்கிவிட்டுக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்க எழுத்தாளர்களின் கதைகளில் பெரும்பாலும் நிற்கும், ஏனெனில் முதற் பந்தி எழுத்தாளர் கதைக்குள் நுழைவதற்காகத் தமக்கே எழுதிக்கொண்டது. ஊரின் அழகும் காலை நேரத்துக் காற்றும் அங்கேதான் குவிந்து கிடக்கும். கடைசிப் பந்திக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

தகவல்களைச் சரிபார்ப்பதும் திருத்தத்தின் பகுதியே. நம் பகுதியில் பெரும்போக நெல் வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டுத் தையிலிருந்து பங்குனிக்குள் அறுவடையாகும். ஆகவே மழை கொட்டும் கார்த்திகையில் உங்கள் பாத்திரம் வேளாண்மை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. கண்ணகி அம்மன் கோவில்களில் குளிர்த்திச் சடங்கு வைகாசியில் வரும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால், 1955இல் வாழும் கல்முனைக்காரர் தம்மை அம்பாறை மாவட்டத்தவர் என்று சொல்லமாட்டார். கல்லடியில் புதிய பாலம் 2013இல் திறக்கப்படும்வரை, 1924இல் கட்டப்பட்ட ஒடுங்கிய பழைய பாலத்தின் வழியாகவே வாகனங்கள் போய்வந்தன. நெருக்கடியான நேரத்தில் அதைக் கடக்கும் காட்சியை எழுதுபவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். காதலர்கள் கல்லடிக் கடற்கரையில் அமர்ந்து கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கும் கதைகளையும் நான் வாசித்திருக்கிறேன். நமக்குக் கடலில் சூரியன் உதிக்கும். மறைவது வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம். மேற்குக் கரையிலுள்ள கொழும்புக் காலிமுகத்திடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இவற்றுக்குப் பின்னர் இரண்டு வாசகர்களைத் தேடுங்கள். ஒருவர் நிறைய வாசிப்பவராகவும், மற்றவர் எழுத்தாளர் அல்லாதவராகவும் இருப்பது நல்லது. இருவரும் உங்கள் உறவினராக இருக்கக்கூடாது. “கதை எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதிலே வரும். எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தத் தோன்றியது, எந்தப் பாத்திரத்தின் பெயரை மறந்துபோனீர்கள், முடிவை எந்தப் பக்கத்தில் ஊகித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது விளக்கம் கொடுக்க வேண்டாம். நூலோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகருக்கும் விளக்கம் கொடுக்க உங்களால் முடியாது.

ஊரில் நடந்த உண்மைச் சம்பவத்தையும் உண்மை மனிதரையும் எழுதலாமா?

எழுதலாம், பெயரை மாற்றினால் போதும் என்று எண்ணாதீர்கள். சிறிய ஊரில் தொழிலும் தெருவும் குடும்ப அமைப்பும் மாறாமல் இருந்தால், பெயர் மாறியும் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். இலங்கையில் அவதூறு குற்றவியல் குற்றமாக இருந்த சட்டப்பிரிவு 2002இல் நீக்கப்பட்டது; எனினும் மானநட்டம் கோரிக் குடியியல் வழக்குத் தொடரும் வழி திறந்தே இருக்கிறது. சட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், ஒருவரின் துயரத்தைக் கேட்டு எழுதும்போது அவரிடம் அனுமதி பெறுவது முறை. கதையின் நலனுக்காகவும் உண்மையை மாற்றத்தான் வேண்டும். “உண்மையில் அப்படித்தான் நடந்தது” என்பது நம்பமுடியாத காட்சிக்கு நியாயம் ஆகாது.

கதையை எங்கே அனுப்புவது? சன்மானம் கிடைக்குமா?

வீரகேசரி, தினகரன், தினக்குரல் ஆகியவற்றின் ஞாயிறு வெளியீடுகள் நெடுங்காலமாகச் சிறுகதைக்கு இடம் தந்துவந்துள்ளன. இலக்கியச் சஞ்சிகைகளில் 2000இல் தொடங்கிய ஞானம், 2007இல் தொடங்கிய ஜீவநதி, மட்டக்களப்பிலிருந்து வெளிவரும் மகுடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன் அண்மைய இதழ் ஒன்றையாவது விலை கொடுத்து வாங்கி வாசியுங்கள். கதைகளின் நீளமும் ஆசிரியரின் ரசனையும் அதில் தெரியும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு மூன்று மாதங்களின் பின் மரியாதையாக ஒருமுறை கேட்டுவிட்டு, கதையை மீட்டுக்கொள்வதாக அறிவித்து வேறிடத்துக்கு அனுப்பலாம்.

சன்மானத்தை எதிர்பார்த்து எழுதும் நிலை இங்கே இல்லை. இதழில் வெளியாவதன் பயன் வேறு: உங்களை அறியாத ஓர் ஆசிரியர் உங்கள் கதையைத் தேர்ந்திருக்கிறார். தொகுப்பு வெளியிடுவதற்கு முன் பாதிக் கதைகளாவது இந்தத் தேர்வைக் கடந்திருக்க வேண்டும்.

கணினியில் எந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்வது?

யூனிகோட்டில். இங்குள்ள அச்சகங்கள் பலவற்றில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினி இன்றும் பயன்பாட்டில் இருப்பதால், அவர்கள் உங்கள் கோப்பைப் பாமினிக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சில இடங்களில் சிதையும். ஆகவே இறுதி ஒப்புநோக்கலை மாற்றத்துக்குப் பிந்திய, பக்க வடிவமைப்பு முடிந்த தாள்களிலேயே செய்ய வேண்டும். உங்கள் மூலக் கோப்பு யூனிகோட்டில் பத்திரமாக இருந்தால், பின்னர் மின்னூலாக்கவும் இந்தியப் பதிப்பகத்துக்கு அனுப்பவும் மறுபடி தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை.

சொந்தச் செலவில் நூல் அச்சிடுவதென்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

செலவு பக்கங்களின் எண்ணிக்கையையும் தாளின் தரத்தையும் அட்டையையும் கட்டும் முறையையும் பொறுத்தது. பக்கங்கள் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட போர்மாக்களாக அச்சாவதால், 128 அல்லது 144 பக்கத்தில் நூல் முடிவது சிக்கனம்; 130 பக்கம் என்றால் கடைசிப் போர்மாவில் வெற்றுத் தாளுக்கும் பணம் கொடுக்கிறீர்கள். சில நூறு பிரதிகளுக்குக் குறைவாக வேண்டுமென்றால் டிஜிட்டல் அச்சும், அதற்கு மேல் என்றால் ஓப்செட் அச்சும் பொதுவாகக் கட்டுப்படியாகும். மூன்று அச்சகங்களிலாவது எழுத்தில் விலை கேளுங்கள். தட்டச்சு, வடிவமைப்பு, அட்டைப்படம், ஒப்புநோக்கல் ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். முன்பணம் முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம்.

சர்வதேச நியம நூல் எண்ணை (ISBN) கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கைக்குரிய நாட்டு எண்கள் 955, 624 ஆகும். அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துப் பெற்றுவிட வேண்டும். நூல் அச்சான பின் எண்ணை ஒட்டுத்தாளில் ஒட்டிய பிரதிகளைப் பார்க்கும்போது எழுத்தாளர்மீது நல்லெண்ணம் பிறப்பதில்லை. தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அச்சகத்தார் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய பிரதிகளும் உண்டு. அவற்றை மொத்த எண்ணிக்கையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பிரதி என்ற கேள்விக்கு என் பதில்: முந்நூறு. ஆயிரம் அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மை. விற்காத எழுநூறு பிரதிகளின் அடக்கவிலையை அவர் சொல்வதில்லை. அவை உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் கறையான் வரும்வரை இருக்கும்.

வெளியீட்டு விழா அவசியமா?

கணக்குப் பார்த்தால் அவசியம்தான். நம்மிடையே நூலின் அச்சுச் செலவு மீள்வது பெரும்பாலும் அந்த ஒரே மாலையில். முதற்பிரதி பெறும் பிரமுகரும், சிறப்புப் பிரதி பெறும் நண்பர்களும், பெயர் அழைக்கப்பட்டு வரிசையில் வருபவர்களும் கடித உறையில் வைத்துத் தருவது நூலின் விலையைவிட அதிகமாகவே இருக்கும். இது திருமண வீட்டு மொய்யைப் போன்றது: கொடுத்தவர் தம் நூலை வெளியிடும்போது நீங்களும் போகவேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கிழக்கில் பல நல்ல நூல்களும் வந்திருக்கமாட்டா.

ஆனால் உறை தந்தவர் வாசகர் ஆகிவிட்டார் என்று எண்ணக்கூடாது. தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று மூன்று மணித்தியாலம் நீளும் விழாவில் நூலிலுள்ள ஒரு பந்தியாவது வாசிக்கப்படாமலே கூட்டம் கலைவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். உரைகளில் இரண்டைக் குறைத்து, எழுத்தாளரோ நல்ல குரல்வளமுள்ள ஒருவரோ ஒரு கதையின் பத்து நிமிடப் பகுதியை வாசிக்கலாம். விமர்சன உரைக்கு உங்களை நேரில் அறியாத ஒருவரை அழைத்து, நூலை ஒரு மாதம் முன்னரே அவரிடம் கொடுங்கள். மேடையில் ஏறும்போது அட்டையைப் புரட்டிப் பார்க்கும் விமர்சகர் யாருக்கும் பயன்படமாட்டார்.

விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைச் செம்மையாக்கத்துக்கும் ஒப்புநோக்கலுக்கும் ஒதுக்கினால், அடுத்த நூலுக்கு உறை இல்லாமலும் ஆட்கள் வருவார்கள்.

விழா முடிந்த பின் மிஞ்சிய பிரதிகளை எப்படி விற்பது?

புத்தகக் கடைகள் விற்றால் பணம் என்ற அடிப்படையில், கணிசமான கழிவுடன் எடுத்துக்கொள்ளும். நூலின் விலையைத் தீர்மானிக்கும்போதே அந்தக் கழிவையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அச்சுச் செலவோடு கொஞ்சம் கூட்டி விலை போட்டவர்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் நட்டப்படுகிறார்கள். எந்தக் கடைக்கு எத்தனை பிரதி, எந்தத் திகதியில், யாருடைய கையொப்பத்துடன் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை போய்க் கேளுங்கள். கேட்காத பணம் வராது.

பொது நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் ஆண்டுதோறும் நூல் வாங்குகின்றன. மாநகர சபை, பிரதேச சபை நூலகங்களுக்கு நூலின் ஒரு பிரதியோடு கடிதம் எழுதலாம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை எழுத்தாளர்களுக்கு நூல் வெளியீட்டு உதவித் திட்டமொன்றை நடத்திவருகிறது; அதற்குக் கையெழுத்துப்படி நிலையிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அச்சிட்ட பின் நினைவுகூர்ந்து பயனில்லை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் தமிழ் நூல்களுக்கும் கூடங்கள் உண்டு.

அமேசான் கிண்டில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. புலம்பெயர்ந்த வாசகரை எட்டுவதற்கு அது தபாலைவிட மலிவானது.

சென்னைப் பதிப்பகம் ஒன்று நூலைக் கேட்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்கும் பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பணம் வாங்கி அச்சிட்டுத் தருவது அச்சகச் சேவை. அதைப் பதிப்பித்தல் என்று எண்ணி உரிமையை எழுதிக்கொடுக்க வேண்டாம். பதிப்பகமே முதலிடுகிறதென்றால், அச்சு உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாரிடம் என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகக் கொடுக்கும் ஒரு வரி எங்காவது ஒளிந்திருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். உரிமைத்தொகையாக நூல் விலையில் நூற்றுக்குப் பத்து என்பது தமிழ்ப் பதிப்புலகில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. கணக்கு ஆண்டுக்கொருமுறை எழுத்தில் வருமா, இலங்கைக்குப் பணம் எந்த வழியில் அனுப்பப்படும் என்பவற்றையும் கேளுங்கள். இலங்கையில் விற்க உங்களுக்கு எத்தனை பிரதி, என்ன கழிவில் கிடைக்கும் என்பதே நடைமுறையில் மிகுந்த வேறுபாட்டை உண்டாக்கும். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியில் நடப்பதால், அதற்கு முந்திய மாதங்களில் பதிப்பகங்கள் அவசரப்படும். உங்கள் ஒப்புநோக்கலை அந்த அவசரத்துக்குப் பலிகொடுக்க வேண்டாம்.

பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டுமா?

இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவாகும்போதே பாதுகாப்பும் உருவாகிறது; அது எழுத்தாளரின் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். உரிமையைக் கைமாற்றுவதற்கு எழுத்தும் கையொப்பமும் தேவை. எனவே பத்திரிகையில் கதை வெளியானதால் மட்டும் உரிமை பத்திரிகைக்குப் போய்விடாது; பின்னர் தொகுப்பில் சேர்க்கும்போது முதலில் வெளியான இதழைக் குறிப்பிடுவது பண்பு. வரைவுகளைத் திகதியுடன் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்திருங்கள்.

புனைபெயரில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆசிரியப் பணியிலும் அரச பணியிலும் இருப்பவர்கள், குறிப்பாகக் குடும்பத்தின் கண்காணிப்பைத் தாண்டி எழுத விரும்பும் பெண்கள், பலர் இவ்வழியை நாடியுள்ளனர். பதிப்பாளரிடமும் விருதுக் குழுவிடமும் இயற்பெயரைத் தெரிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசோலையை மாற்ற முடியாது.

விருதுகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

கலாசார அலுவல்கள் திணைக்களம் ஆண்டுதோறும் மும்மொழி நூல்களுக்கும் அரச இலக்கிய விருதுகளை வழங்குகிறது. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் மாகாணத்து நூல்களைத் தேர்ந்து பரிசளிக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பங்கள் பத்திரிகை வாயிலாகவும் பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள் வாயிலாகவும் கோரப்படும். முந்திய ஆண்டில் முதற்பதிப்பாக வெளியான நூல்களே வழக்கமாகக் கருத்தில் எடுக்கப்படுவதால், நூலில் பதிப்பு ஆண்டைத் தெளிவாக அச்சிடுங்கள். டிசம்பர் கடைசியில் அவசர அவசரமாக அச்சிட்டு அந்த ஆண்டுக்குள் சேர்த்துவிட முயல்பவர்களின் நூல்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும். நடுவர்களும் அதைக் காண்பார்கள்.

என் கதைகள் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ போக என்ன செய்ய வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர் தாமாக வந்து கேட்பது அரிது. சிங்களமும் தமிழும் அறிந்தவர்கள் நம் மாவட்டங்களில், குறிப்பாக அம்பாறையில், ஆசிரியர்களாகவும் அரச மொழிபெயர்ப்பாளர்களாகவும் இருக்கிறார்கள். ஒரே ஒரு கதையைக் கொடுத்துத் தொடங்குங்கள். ஆங்கிலத்துக்கென்றால், இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கல் ஒந்தாச்சி நிறுவிய கிறேஷியன் அறக்கட்டளை, சிங்களத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்புக்கு எச்.ஏ.ஐ. குணதிலக பெயரில் பரிசு வழங்கிவருகிறது. அதை அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் கதைமீது ஆர்வம் எழலாம். எவராயினும், வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள்: மொழிபெயர்ப்பின் உரிமை யாருக்கு, வருமானம் எப்படிப் பங்கிடப்படும், அட்டையில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் வருமா, எத்தனை ஆண்டுக்குள் வெளியாகாவிட்டால் அனுமதி காலாவதியாகும். முதல் வரைவு வந்ததும் உரையாடல் பகுதிகளை அவரோடு சேர்ந்திருந்து வாசியுங்கள். தாய், மகள், மச்சான், மருமகன் ஆகியோர் ஒருவரையொருவர் அழைக்கும் இடங்களில்தான் பெரும்பாலான பிசகுகள் நேர்கின்றன.